‘குழந்தை ஒத்துழைக்கவில்லை’ என்பது சோதனை முடிவு அல்ல

டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் காது ரிப்போர்ட்டுகளைப் புரட்டினால் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: ‘குழந்தை ஒத்துழைக்கவில்லை.’ சோதனையே நடக்கவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். வீட்டிலோ ‘காதில் ஒன்றுமில்லையாம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சு வராததற்கு வளர்ச்சிக் குறைபாட்டின் மேல் பழி போட்டே வருடங்கள் ஓடிவிடுகின்றன.

டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு இது பேரிழப்பு. பலருக்குப் பிறவியிலேயே காதுக்குழாய் குறுகல். கொஞ்சம் குரும்பி சேர்ந்தாலும் அடைத்துக்கொள்ளும். மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சரியாகத் திறக்காததால் நடுக்காதில் கோந்து போல நீர் கட்டும். பெரும்பாலும் வலி இருக்காது, சீழ் வராது, காய்ச்சலும் இருக்காது. கூப்பிட்டால் ஒருநாள் திரும்பும், மறுநாள் திரும்பாது. பாவம், ‘பிடிவாதக்காரப் பிள்ளை’ என்று பெயர் வாங்கிவிடும். பிறந்ததும் செய்த சோதனையில் ‘பாஸ்’ ஆகியிருந்தாலும் இந்த நீர் பிறகு கட்டலாம். இரண்டு காதும் தனித்தனியே நன்றாகக் கேட்கிறது என்று உறுதியாகும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

சோதனைக்கான தயாரிப்பு ஒரு வாரம் முன்பே வீட்டில் தொடங்கட்டும். காது மடலைத் தொட்டு ஐந்துவரை எண்ணி விடுங்கள். மறுநாள் சின்ன டார்ச்சைக் காதருகில் காட்டுங்கள். பொம்மைக்கும் அதையே செய்யுங்கள். கிளினிக்கில் காலை முதல் நேரத்தைக் கேளுங்கள். கூட்டமும் சத்தமும் தாங்காத குழந்தை வெளியே மரத்தடியில் இருக்கட்டும், முறை வந்ததும் போனில் கூப்பிடச் சொல்லலாம்.

காதைப் பரிசோதிப்பவர் செய்ய வேண்டியதும் உண்டு. கருவியை முதலில் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டும். அம்மா மடியில் பக்கவாட்டில் உட்காரவைத்து, தலையை அவர் நெஞ்சோடு சாய்த்து, இருப்பதிலேயே சிறிய ஸ்பெகுலத்தால் (காதுக்குள் பார்க்க வைக்கும் புனல் போன்ற முனை) பார்க்கலாம். டவுன் சிண்ட்ரோம் என்றால் கழுத்தை மட்டும் வேகமாகத் திருப்பவே கூடாது. மேல் இரண்டு கழுத்தெலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கலாம். நாலு பேர் அமுக்கிப் பிடித்தால் இன்றைக்கு ஒரு காதைப் பார்த்துவிடலாம். அடுத்தமுறை அந்தக் குழந்தை ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டாது. குரும்பி உறிஞ்சும் இயந்திரத்தின் இரைச்சல் சில ஆட்டிசம் குழந்தைகளுக்குத் தாங்கவே முடியாதது. அவர்களுக்குச் சொட்டு மருந்தில் ஊறவைத்து, சின்னக் கருவியால் எடுப்பது நல்லது. செவிப்பறையில் ஓட்டையோ சீழோ இருந்தால் அந்தச் சொட்டு கூடாது. வீட்டில் காய்ச்சிய எண்ணெய், பட்ஸ், ஹேர்பின் எதுவுமே கூடாது.

கேட்புச் சோதனை முறையைப் பிறந்த தேதியை வைத்தல்ல, வளர்ச்சியை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 5 வயதுக் குழந்தைக்கு 2 வயதுக்கான முறை பொருந்தலாம். எதுவும் நடக்காவிட்டால் தூக்கத்தில் ‘பெரா’ (BERA): சத்தத்துக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்சைகையைத் தலையில் ஒட்டும் பட்டைகளால் அளக்கும் சோதனை. இங்கேதான் பலமுறை கோட்டைவிடுகிறோம்: சோதனையின்போது தூங்கட்டும் என்று சீக்கிரம் எழுப்பிக் கூட்டிவந்த குழந்தை பஸ்ஸிலேயே தூங்கி, அறைக்கு வரும்போது விழித்துவிடும். வழியில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். தூக்க மருந்தை வீட்டில் கொடுத்து அழைத்து வராதீர்கள். வலிப்பு, இதயக் கோளாறு, குறட்டையோடு மூச்சுத் தடைப்படுதல் இருந்தால் கண்காணிப்பு கட்டாயம். பல் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகிறார்கள் என்றால், குரும்பி எடுப்பதையும் பெராவையும் அதே நேரத்தில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள்.

பேசாத குழந்தை காதுவலியை வாயால் சொல்லாது. திடீரென்று தலையை இடித்துக்கொள்வது, சாப்பாட்டை மென்று தின்ன மறுப்பது, இரவில் விழித்து அழுவது, காது மெஷினைப் பிடுங்கி எறிவது எல்லாம் காதைப் பார்க்கச் சொல்லும் அடையாளங்கள். பட்டன் பேட்டரியைக் காதிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் எந்தச் சொட்டும் விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். சில மணி நேரத்தில் சதையை அரித்துவிடும்.

முடியாமல் போன நாளிலும் ரிப்போர்ட்டில் இப்படி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்: ‘வலது காது பார்த்தாயிற்று, இடது பாக்கி. விளக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை. மடியில் இருந்தால் 3 நிமிடம் தாங்குகிறான். அடுத்தமுறை இடது காதில் தொடங்கவும்.’