பெரிய ஃபியூஸ் எந்தப் பழுதையும் சரிசெய்யாது

சென்ற வாரம் பட்டறைக்கு வந்த பழைய கார் ஒன்றில், 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸ் செருகப்பட்டிருந்தது. பக்கத்து இடத்திலோ ஃபியூஸே இல்லை, செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். டாஷ்போர்டுக்குள் ஹெட்லைட் வயரின் மேலுறை உருகி, அருகிலிருந்த வயர்களோடு ஒட்டிக் கிடந்தது. இப்படிப்பட்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஃபியூஸ் அடிக்கடி போனால் அது போதவில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஃபியூஸ் பல்பைக் காப்பதற்காக வைக்கப்பட்டதன்று, ஹாரனைக் காப்பதற்காகவும் அன்று. வயரைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. 15 ஆம்பியருக்கென்று இழுக்கப்பட்ட வயரில் 30 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், முதலில் உருகப்போவது வயர்தான். ஸ்விட்ச் போட்டவுடன் ஃபியூஸ் போகிறதென்றால் எங்கோ வயர் நேராக பாடியை, அதாவது வண்டியின் இரும்பு உடலை, தொடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் போகிறதென்றால் உரசித் தேய்ந்த வயர் அவ்வப்போது தொடுகிறது. சிறிது நேரம் ஓடிய பிறகு போகிறதென்றால் பெரும்பாலும் சுமை கூடியிருக்கிறது. 55 வாட் பல்புகள் இரண்டு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், 90 வாட் பல்புகள் இரண்டு 15 ஆம்பியர் இழுக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டு, ஸ்விட்ச் கருகியதும் கம்பெனியைத் திட்டுவதில் பொருளில்லை.

இப்படி வயர் பாடியைத் தொடும் ஷார்ட்டைத் தேடும்போது ஃபியூஸ்களை வரிசையாக எரித்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த லைனில் உள்ள பல்புகளைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இணைத்து ஸ்விட்சைப் போடுங்கள். அது பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இருக்கிறது; டிக்கிக் கதவின் கீல் மடியும் இடம், எஞ்சின் தடுப்புத் தகட்டில் வயர் நுழையும் துளை ஆகியவற்றில் வயரை அசைத்துப் பாருங்கள், பல்பு அணையும் இடத்தில்தான் பழுது.

விளக்கு மங்கலாக எரிந்தால் உடனே பேட்டரியை மாற்றச் சொல்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். பிரேக்கை அழுத்தும்போது இண்டிகேட்டரும் லேசாக எரிகிறதா? அப்படியானால் அந்த டெயில் லாம்ப்பின் எர்த், அதாவது மின்னோட்டம் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, போய்விட்டது. விளக்கை எரியவிட்டு, வோல்ட் அளக்கும் மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பச்சைக் களிம்பையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு இறுக்குங்கள். விளக்கு எரியாத நிலையில் மீட்டர் 12 வோல்ட் காட்டுவதை நம்பவே நம்பாதீர்கள். ஒற்றை இழையில் தொங்கும் வயரும் அப்படித்தான் காட்டும்.

ரிலே (பட்டனின் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு ஹாரனின் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் ஸ்விட்ச்) உள்ள ஹாரனில், பட்டனை அழுத்தும்போது ரிலேயில் ‘டிக்’ சத்தம் கேட்டும் ஹாரன் ஒலிக்காவிட்டால், ரிலேயின் முனைகள், ஹாரனுக்குப் போகும் வயர், ஹாரனின் எர்த், கடைசியாக ஹாரன் என்று பாருங்கள். சத்தமே கேட்காவிட்டால் ஃபியூஸ், பட்டன், அல்லது ஸ்டியரிங்கின் கீழுள்ள தொடுவளையம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஹாரன் தானாக அலறுவதும் பெரும்பாலும் அந்த வளையத்தின் வேலைதான். ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்கை மட்டும் தயவுசெய்து வீட்டில் கழற்றாதீர்கள். ஹாரன் சரியில்லை என்பதற்காகப் பல ஸ்வரங்களில் கூவும் ஹாரனைப் பொருத்துவதும் வேண்டாம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி அதைத் தடுக்கிறது.

வயரில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். மீட்டரோ சோதனை பல்போ வைத்துப் பார்க்கும்போது மட்டும் மாட்டினால் போதும். வயரை முறுக்கி டேப் சுற்றுவதோடு வேலையை முடிக்காதீர்கள், எஞ்சின் சூட்டில் அந்தப் பசை இளகிவிடும். ஒற்றை ஹெட்லைட்டோடு இரவில் வண்டியை எடுக்காதீர்கள், எதிரே வருபவர் இருசக்கர வாகனம் என்று நினைத்து ஒதுங்காமலே வருவார். எஃப்.சி. என்னும் வாகனத் தகுதிச் சான்றுச் சோதனைக்கு முந்தைய மாலை ஓடிவராமல் ஒரு வாரம் முன்னதாக வாருங்கள். வரும்போது ஃபியூஸ் எப்போது போனது, அந்நேரம் எந்த ஸ்விட்ச் போட்டிருந்தது, மழையா வெயிலா என்பதைச் சொன்னால், எங்களுக்குப் பாதி வேலை குறையும்.