ஏசி போட்ட முதல் நிமிடம் மட்டும் ஏன் நாறுகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "காரில் ஏசியைப் போட்டதும் ஒரு நிமிடம் ஈரத்துணி வாடை அடிக்கிறது. அப்புறம் தானாகவே நின்றுவிடுகிறது. மெக்கானிக் கேஸ் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?"

வேண்டாம். ஏசி கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. நாம் சுவாசிக்கும் காற்றை அது தொடுவதே இல்லை. குளிர்ச்சி குறைந்தால் கேஸைச் சோதித்துப் பார்க்கலாம், வாடைக்கு அது மருந்தல்ல. டேஷ்போர்டில் எலுமிச்சம்பழம் வைப்பவரைக் கேலி செய்கிறோம். நாற்றம் போகக் கேஸ் நிரப்புவதும் அதே ரகம்தான், பில் மட்டும் பெரிது.

அந்தக் கேள்வியில் என்னைப் பிடித்துக்கொண்டது "தானாகவே நின்றுவிடுகிறது" என்ற பகுதி. நுண்ணுயிர்தான் காரணம் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அது ஒரு நிமிடத்தில் ஏன் ஓய்வெடுக்கிறது?

டேஷ்போர்டுக்குப் பின்னால் கூலிங் காயில் இருக்கிறது. நெருக்கமான அலுமினியத் தகடுகள், அவற்றினூடே ஓடும் குழாய்கள். அதன் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சில டிகிரிதான் மேலே. சென்னையில் 32 டிகிரி வெயிலும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 7 கிராம்தான் தங்க முடியும். மீதி காயில்மேல் நீராகப் படிந்து, வடிகுழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. இருட்டு, ஈரம், காற்றோடு வரும் தூசு மூன்றும் சேர்ந்த இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வழுவழுப்பான படலமாகக் குடியேறுவதில் ஆச்சரியம் இல்லை. அவை வெளியிடும் கரிமச் சேர்மங்கள்தான் அந்த மக்கல் வாடை.

இனிதான் சுவாரசியம். அலுமினியத்தின் மேற்பரப்பு உண்மையில் அலுமினியம் அல்ல, மெல்லிய ஆக்சைடு படலம். காய்ந்திருக்கும்போது அது மணமூட்டும் மூலக்கூறுகளைப் பிடித்து ஒட்டவைத்துக்கொள்ளும். நுண்ணுயிர் விட்டது, வியர்வை, சிகரெட், பின்சீட்டில் திறந்த பிரியாணிப் பொட்டலம் என்று எல்லாம் அங்கே சேர்கிறது. ஏசியைப் போட்டதும் நீராவி வந்து படிகிறது. ஆக்சைடோடு ஒட்டிக்கொள்வதில் நீர் மூலக்கூறுக்குப் பிடிப்பு அதிகம். டிக்கெட் எடுத்தவர் வந்து நின்றதும் சும்மா உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொள்வதுபோல, மண மூலக்கூறுகள் இடத்தைக் காலிசெய்து காற்றில் கிளம்புகின்றன. ப்ளோயர் அவற்றை நேராக நம் மூக்குக்கு அனுப்புகிறது. காயில் முழுக்க நனைந்ததும் கிளப்புவதற்கு மேற்பரப்பில் அதிகம் மிச்சமில்லை, வாடை அடங்குகிறது. கம்ப்ரஸர் நின்று காயில் காயத் தொடங்கும்போது, நீரில் கரைந்திருந்தவையும் சேர்ந்து ஆவியாவதால் இன்னொரு வீச்சு வரும். சிக்னலில் நிற்கும்போது திடீரென நாறுகிறதே, அது இதுதான்.

மண்வாசனையிலும் இந்த இயக்கத்துக்குப் பங்கு உண்டு. 1964-இல் ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ-வைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் காய்ந்த பாறைகளையும் களிமண்ணையும் நீராவியில் வடித்து ஒரு எண்ணெயைப் பிரித்தெடுத்தார்கள். வறண்ட நாட்களில் கல்லின் நுண்துளைகளில் சேரும் அந்த எண்ணெயை, காற்றில் ஏறும் ஈரம் வெளியே தள்ளுகிறது என்பது அவர்கள் விளக்கம். மழை வருமுன்பே மணப்பது அதனால்தான். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் சுட்ட மண்ணை வடித்து அத்தர் எடுக்கும் தொழில் அதற்கு வெகுகாலம் முன்பே நடந்துகொண்டிருந்தது, அது வேறு கதை. கல்லை முகர்ந்து பார்ப்பதற்கா அரசுப் பணம் என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நம் ஊரில் அந்தக் கேள்வி சற்று சீக்கிரமே வந்துவிடுகிறது என்பது என் வருத்தம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கறுத்துப் போயிருந்தால் மாற்றுங்கள். முன்சீட்டு மிதியடி ஈரமாக இருந்தால் வடிகுழாய் அடைத்திருக்கலாம். தண்ணீர் உள்ளேயே தேங்குகிறது. படலம் பழையதாகிவிட்டால் காயில்மேலேயே நுரை கிளீனர் அடித்துக் கழுவ வேண்டும். காற்று வரும் துவாரத்தில் சென்ட் அடிப்பது வீண், பிரச்சினை அங்கே இல்லை. பிறகு மல்லிகையும் மக்கலும் சேர்ந்து வீசும்.

அன்றாடம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீடு வந்துசேர ஐந்து பத்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்து, வெளிக்காற்று வரும்படி வைத்து, ப்ளோயரை மட்டும் வேகமாக ஓடவிடுங்கள். ஹூண்டாய், கியாவின் சில புதிய மாடல்கள் வண்டியை நிறுத்திச் சற்று நேரம் கழித்துத் தாமாகவே ப்ளோயரை ஓட்டிக் காயிலை உலர்த்திக்கொள்கின்றன.

காயவைத்தால் மறுநாள் மறுபடி காய்ந்த பரப்பில்தானே ஈரம் படியும், வாடை வராதா என்று கேட்கலாம். வரும். ஏற்கெனவே ஒட்டியிருப்பது ஒரே நாளில் தீராது. ஆனால் ஈரம் தங்காத இடத்தில் புதிய படலம் வளர்வது மிகவும் மந்தமாகிவிடும். அதுவரை கிளம்பிய முதல் ஒரு நிமிடம் ஜன்னல்களை இறக்கி வையுங்கள், கிளம்பிய மூலக்கூறுகள் வெளியே போகட்டும்.