ஆங்கில "வை" என்றால் "ஏன்" மட்டும்தானா?

என்னிடம் ஆங்கிலம் படிக்கும் மூதூர்த் தம்பி ஒருவர் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தார். உள்ளே இருந்தவர் கதிரையைக் காட்டி, "வை டோன்ட் யூ சிட் டவுன்?" என்று கேட்டிருக்கிறார். தம்பிக்கு வியர்த்துவிட்டது. இன்னும் இருக்காமல் நிற்பதற்கு ஏசுகிறார் என்று நினைத்து, "சொறி சேர்" என்று தொடங்கி, இருக்காததற்குக் காரணம் சொல்லச் சொல்ல நின்றுகொண்டே இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு கேட்ட ஒரு கேள்வியும் காதில் ஏறவில்லையாம். அடுத்த நாள் திருகோணமலை உவர்மலையில் என் வகுப்புக்கு வந்து இதைச் சொன்னபோது அவருடைய குரல் உடைந்திருந்தது. வேலை கிடைக்கவில்லை.

இதில் பிழை படிப்பிக்கிற எங்களுடையது. கொப்பியில் "வை - ஏன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுகிறோம். "வை டோன்ட் யூ" என்று தொடங்கினால் பெரும்பாலும் அது அழைப்பு அல்லது யோசனை. இருங்கள், சாப்பிடுங்கள், நாளைக்கு வாருங்கள் என்பதைத்தான் மரியாதையாகக் கேள்வி வடிவில் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, தேங்க் யூ சொல்லிவிட்டு இருந்தால் சரி.

இத்தனைக்கும் இந்த வழக்கம் தமிழுக்குப் புதிதே இல்லை. வீட்டு வாசலுக்கு ஆள் வந்தால் நாங்கள் என்ன சொல்கிறோம்? "ஏன் நிக்கிறீங்க, வந்து இருங்க." அந்த ஏனுக்கு யாராவது நின்று பதில் சொல்வார்களா? நன்னூல் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என்று ஆறாகப் பிரிக்கிறது. அதில் அறியாமை வினாவும் ஐய வினாவும்தான் நேரடியாகத் தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பவை. கேள்வி மாதிரிச் சொல்லி ஒன்றைச் செய்ய வைப்பது ஏவல் வினா. "சிட் டவுன்" கேள்வியும் அதே சாதிதான். பள்ளிக்கூடத்தில் இந்த ஆறையும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, ஆங்கிலப் பாடம் வந்ததும் வினா என்றால் ஒரே வகைதான் என்று ஆகிவிடுகிறது. எனக்கு இது பெரிய கவலை.

அப்புறம் "வை நொட்". 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவுக்கு நிலாவெளிக் கரையில் இருந்து படகு ஓட்டும் அண்ணன் ஒருவர் சொன்ன கதை. ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் நாளைக் காலையில் தீவுக்குப் போவோமா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு "வை நொட்!" என்றார். இவருக்கு "நொட்" மட்டும் கேட்டது. சரி, வேண்டாமாம் என்று திரும்பிவிட்டார். விடிந்ததும் பார்த்தால் அதே குடும்பம் இவரைத் தேடிக் கரையில் நின்றுவிட்டு, கடைசியில் வேறொரு படகில் ஏறிப் போகிறது. "வை நொட்" என்றால் "போனா என்ன?" என்று நாங்கள் சொல்வோமே, அதுதான். அது முழுச் சம்மதம்.

மறுபக்கமும் இருக்கிறது. நாங்கள் சொல்லும் "வை" அவர்கள் காதில் எப்படி விழுகிறது? ஒரு விடுதி வரவேற்பு மேசையில் வேலை செய்யும் தங்கச்சி, அறையில் சுடுதண்ணீர் வரவில்லை என்று வந்து சொன்ன விருந்தினரிடம், "வை?" என்று கேட்டுவிட்டார். அவர் மனதில் இருந்தது "ஏன், என்ன நடந்தது?" என்ற அக்கறை. விருந்தினர் காதில் விழுந்ததோ, தண்ணீர் வராததற்கு நீயே காரணம் சொல்லு என்பது போல. கத்திவிட்டார். உப்புவெளிக் கடற்கரையில் எங்கள் பெடியன்கள் ஆசையாகக் கேட்கும் "வை யூ கம் ட்றிங்கோ?" (ஏன் திருகோணமலைக்கு வந்தீங்க?) என்பதும் அப்படித்தான், பொலிஸ் விசாரணை மாதிரி இருக்கும். "வட் பிறிங்ஸ் யூ டு ட்றிங்கோ?" என்று கேட்டுப் பாருங்கள், எதிரே இருப்பவர் முகம் மாறுவதை நீங்களே காண்பீர்கள். காரணம் அறிய வேண்டும், ஆனால் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம் என்றால் "வட்" போட்டுக் கேட்பது பெரும்பாலும் கை கொடுக்கும்.

அதற்கு "வை"யின் பிறப்பிலேயே ஒரு தொடர்பு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்குத் தமிழ் போலவே வேற்றுமை உருபுகள் இருந்தன. அப்போது "வட்" என்பதன் வடிவம் "ஹ்வெட்". அதனுடைய கருவி வேற்றுமை வடிவம்தான் "ஹ்வீ" போன்ற ஒரு சொல், அது தேய்ந்து இன்றைய "வை" ஆனது. எங்கள் இலக்கணத்தில் சொன்னால் "எது" என்பதோடு மூன்றாம் வேற்றுமை "ஆல்" சேர்ந்து "எதனால்" ஆவது போல. அதனால் வகுப்பில் நான் "வை" என்றால் முதலில் "எதனால்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் "ஏன்" பக்கம் போகிறேன். "ஹவ்" என்பதும் இதே வேரில் பிறந்தது. "ஹவ் கம்" என்றாலும் ஏன் என்றே பொருள் வருகிறது.

அந்த "ஹ்வ" ஒலிக்கும் முன்னே, இன்னும் பழைய காலத்தில் அது "க்வ" என்று இருந்தது. ஜேர்மானிய மொழிகளில் ககரம் ஹகரமாக மாறிய இந்த வழியை ஜேர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822 இல் விளக்கினார். மற்றக் கிளைகள் சிலவற்றில் ககரம் அப்படியே தங்கியது. லத்தீனில் "குவிஸ்", சமஸ்கிருதத்தில் "கிம்". அவ்வளவு தூரம் போக வேண்டாம், எங்கள் பஸ் நிலையத்தில் நின்றாலே போதும். சிங்களத்தில் யார் என்பதற்குக் "கவுத", எங்கே என்பதற்குக் "கொஹேத", எப்போது என்பதற்குக் "கவதா". அந்தக் ககரமும் ஆங்கிலக் கேள்விச் சொற்களின் தொடக்கமும் ஒரே வேர். மூன்று மொழியும் காதில் விழும் ஊரில் இருக்கிற பிள்ளைக்கு இதைச் சொன்னால் கண் விரிகிறது. தமிழ் வேறு குடும்பம், எங்கள் கேள்விச் சொற்களுக்கு "எ"வும் "யா"வும் தொடக்கம்.

எழுத்தையும் பார்க்க வேண்டும். முன்பு ஹகரத்தின் எழுத்து (எச்) வகரத்தின் எழுத்துக்கு (டபிள்யூ) முன்னால் இருந்தது. 1066 இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வந்த எழுத்தர்கள் அதைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஸ்கொட்லாந்தில் இன்னும் பலர் மூச்சை ஊதித்தான் இந்தச் சொல்லைத் தொடங்குவார்கள், அப்படிக் கேட்டால் குழம்ப வேண்டாம். நாங்கள் சொல்லும்போது மேற்பல் கீழுதட்டைத் தொடக் கூடாது, உதடு குவிய வேண்டும். இன்னொன்று, வட்ஸ்அப்பில் ஒற்றை எழுத்துப் போட்டு "வை" என்று அனுப்பும் பழக்கம் வேலை விண்ணப்பக் கடிதத்துக்குள்ளும் வந்துவிட்டது. தயவுசெய்து முழுச் சொல்லையும் எழுதுங்கள்.

சொல் ஒழுங்கு எல்லாருக்கும் இடறுகிற இடம். தமிழில் "நீ ஏன் பிந்தினாய்" என்றாலும் "பிந்தினது ஏன்" என்றாலும் சரி. ஆங்கிலத்தில் "வை ஆர் யூ லேட்?" என்று துணைவினை முன்னால் பாய வேண்டும். ஆனால் "டெல் மீ" என்று தொடங்கினால் பாயாது, "டெல் மீ வை யூ ஆர் லேட்" என்று பழையபடி நிற்கும். "ஹவ் கம்" என்று தொடங்கினாலும் பாயாது.

இப்போதெல்லாம் புதிய வகுப்புத் தொடங்கும்போது ஒரு வீட்டுவேலை கொடுக்கிறேன். ஒரு நாள் முழுக்க வீட்டில் கேட்கும் ஒவ்வொரு ஏனையும் கொப்பியில் எழுத வேண்டும். எது பதில் எதிர்பார்க்கிறது, எது எதிர்பார்க்கவில்லை என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். கிண்ணியாவில் இருந்து வரும் ஒரு பிள்ளை பக்கத்தை நிறைத்துக்கொண்டு வந்தது. "ஏன் இன்னும் எழும்பல்ல?" "ஏன், ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சா என்ன?" "ஏன் புள்ள, வெயிலுக்குள்ள போற?" எல்லாம் உம்மா சொன்னவை. பதில் வேண்டும் என்று அந்தப் பிள்ளை குறித்திருந்தது ஒன்றே ஒன்று. இரவு ஒன்பது மணிக்கு வாப்பா கேட்டது: "ஏன் அழுதிருக்காய்?"