காஸ்கெட்டுக்கு ‘அடைப்பான்’ ஆகாது

காரைக்குடிக்கு அருகே ஓர் அரிசி ஆலையின் கொதிகலன் அறையில் ஒட்டியிருந்த தமிழ்க் குறிப்பு ஒன்றை அண்மையில் படித்தேன்: ‘அடைப்பானை மாற்றும் முன் அடைப்பானை மூடவும்.’ முதல் அடைப்பான் குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையமான காஸ்கெட், இரண்டாவது வால்வு. மொழிபெயர்த்தவர் இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டுவிட்டுப் போய்விட்டார். அதை நம்பி நீராவிக் குழாயில் ஸ்பானரை வைக்கவேண்டியவர் வேறொருவர்.

காஸ்கெட் கப்பற்காரர்களின் சொல். சுருட்டிய பாயைக் குறுக்குக் கட்டையோடு சேர்த்துக் கட்டும் சிறு கயிற்றுக்கு அது பெயர். பிரெஞ்சிலிருந்து வந்திருக்கலாம் என்பர். பின்னர் நீராவி எந்திரத்தில் ஆவி கசியாமல் திணித்த சணற்பின்னலுக்கு ஆகி, இன்று இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கு (குழாய் முனைகளின் தட்டையான விளிம்புகளுக்கு) நடுவே வைத்து போல்ட்டால் இறுக்கும் வளையத்தைக் குறிக்கிறது.

அடைத்தல் என்றால் வழியை மூடுதல். மடையை அடைக்கிறோம், சீசாவின் வாயை அடைக்கிறோம். காஸ்கெட்டோ நடுவில் துளையோடு, ஆவிக்கு முழு வழியையும் விட்டு நிற்பது. இறுக்கும்போது நசுங்கி, இரும்பு முகங்களின் நுண்ணிய மேடு பள்ளங்களில் படிந்து, பக்கவாட்டில் கசியவிடாமல் காப்பதே அதன் வேலை. நிலத்தடிக் குழாய்களில் துருவைத் தடுக்க மின்முறைப் பாதுகாப்புச் செய்யும்போது, குழாயின் ஒரு பகுதியை மற்றதிலிருந்து மின்தொடர்பின்றிப் பிரிப்பதற்கென்றே ஒருவகைக் காஸ்கெட்டை வைக்கிறார்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கும் காரைக்குடியில் இதை விளக்கவேண்டியிருப்பது எனக்கு வருத்தமே. போதாக்குறைக்கு, மாடு வளர்ப்பவரிடம் அடைப்பான் என்றால் அவர் நினைவுக்கு வருவது ஆந்த்ராக்ஸ் நோய். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைக்கும் மொழிபெயர்ப்பாளர், பொருளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இத்தனையும் நேர்ந்திராது. ஆலையில் ஃபிட்டர் ரப்பர் ஷீட்டை ஃபிளாஞ்சின் மேல் விரித்து, விளிம்போரம் சுத்தியலால் மெல்லத் தட்டித் தடம் பதித்து, கத்தரியால் அந்த வட்டத்தை வெட்டி எடுப்பதைப் பார்த்தவர் யாரும் அதை அடைப்பான் என்று சொல்லமாட்டார்.

சித்த மருத்துவர்கள் புடமிடும்போது, அதாவது மருந்தை மூடிய கலத்தில் வைத்துச் சுடும்போது, இரண்டு அகல்களின் வாயைப் பொருத்தி, மண் தோய்த்த துணியால் இடுக்கை மூடுவதைச் சீலைமண் செய்தல் என்பர். அந்தத் துணி இடுக்கின் வெளிப்புறம் சுற்றுவது, காஸ்கெட் உள்ளே இருப்பது என்ற வேறுபாடு உண்டு. ஆயினும் இரண்டு வாய்கள் சேருமிடத்தில் கசிவைத் தடுக்கும் மெல்லிய பொருள் என்ற கருத்து அதில் அப்படியே இருப்பதால், ‘பொருத்துச்சீலை’ என்பதையே நான் முன்வைக்கிறேன். கண்டாங்கிச் சீலை கட்டும் சீமையில் சீலை என்றால் புடவையாகிவிடாதா என்று நண்பர் கேட்டார். சீலைமண்ணை யாரும் புடவை என்று எண்ணியதில்லை. சேர்ந்துவரும் சொல் பொருளைக் காத்துக்கொள்ளும்.

இச்சொல் பிடிக்காதவர்கள் காஸ்கெட் என்றே எழுதலாம், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அந்த ஆலைச் சுவருக்கு நான் எழுதிக் கொடுத்த வாசகம் இது: ‘வால்வை மூடி, குழாயில் ஆவி முழுதும் வெளியேறி ஆறிய பின்னரே பொருத்துச்சீலையை (காஸ்கெட்டை) மாற்றவும்.’