அங்சா முட்டை பொரிக்கும் பெட்டியில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்

இந்த மாதமும் ஒரு பிஸ்கட் டின் நிறைய, குஞ்சு பொரிக்காத அங்சா (பெருவாத்து) முட்டைகள் என் கால்நடை கிளினிக் மேசைக்கு வந்தன. கொண்டுவந்தவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுக் காவலுக்கு அங்சா வளர்ப்பவர்கள் நிறையப் பேர். பாம்பு அண்டாது என்ற நம்பிக்கையும் உண்டு. "டாக்டர், ஒரு மாசம் கண்ணுல வச்சு பாத்துக்கிட்டேன். தண்ணி குறையவே விடல" என்றார்.

தண்ணீர் என்று சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் முன்னாலேயே ஒரு முட்டையை உடைத்தேன். உள்ளே முழுதாக வளர்ந்த குஞ்சு. மஞ்சள் மயிர், நகம், மூக்கு நுனியில் ஓடு உடைக்கும் சிறு பல் எல்லாம் இருந்தன. ஆனால் கழுத்தும் தலையின் பின்புறமும் நீர் கோத்து வீங்கியிருந்தன. ஓட்டைக் கவிழ்த்தபோது தட்டில் நீர் கொட்டியது. மழுங்கிய பக்கத்துக் காற்றறை ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. இந்த நாளில் அது முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். ஓட்டை உடைப்பதற்கு முன் குஞ்சு முதல் மூச்சை விடுவது அந்தக் காற்றறைக்குள்தான். அந்த இடம் இல்லாமல் குஞ்சு உள்ளேயே மூழ்கிச் செத்திருக்கிறது.

வாத்து இனம் தண்ணீரில் வாழ்வது, ஆகவே அதன் முட்டைக்கும் தண்ணீர் நிறைய வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. முட்டைக்குள் இருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேற வேண்டும். முதல் நாளிலிருந்து குஞ்சு ஓட்டைக் குத்தத் தொடங்கும்வரை முட்டை தன் எடையில் 12 முதல் 15 சதவீதம் இழந்தாக வேண்டும். நீர் போன இடத்தில்தான் காற்றறை வளரும். குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் (இன்குபேட்டர்) ஈரம் மிகுந்தால் நீர் எப்படி வெளியேறும்?

பெட்டியோடு வரும் கையேட்டில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பச் சொல்லியிருக்கும். குளிர்நாட்டில், ஹீட்டர் போட்டுக் காய்ந்துபோன அறைக்கு அது சரி. நம் வீட்டுக் கணக்கு வேறு. அறையில் 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வையுங்கள். நமக்கு இது சாதாரண நாள். அதே காற்றைப் பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் தானாக 50 சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும். அங்சா முட்டைக்கு முதல் நான்கு வாரம் தேவைப்படுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். தொட்டி காலியாகவே இருக்கலாம்! ஏர்கோன் ஓடும் அறையில் வைத்திருந்தால் மட்டும் கொஞ்சம் ஊற்ற வேண்டிவரும்.

ஊற்றுவதா வேண்டாமா என்பதை ஈரப்பத மீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மலிவான பெட்டியின் மீட்டர் பத்து சதவீதம் தவறாகக் காட்டுவது சர்வசாதாரணம். எங்கள் தொழிலில் எடையைத்தான் நம்புவோம். கேக் செய்ய மாவு அளக்கும் டிஜிட்டல் தராசு போதும். வைக்கும் அன்றே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எடையை எழுதிவிடுங்கள். 160 கிராம் முட்டை 14ஆம் நாள் 150க்குப் பக்கத்திலும் 28ஆம் நாள் 138க்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். 14ஆம் நாள் 156 காட்டினால் தொட்டியைக் காயவிட்டு, காற்றுத் துளைகளை முழுசாகத் திறந்துவிடுங்கள். மாறாக 145க்குக் கீழே போய்விட்டால் அப்போது கொஞ்சம் தண்ணீர் வையுங்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் மூடியைத் திறந்து முட்டையை ஆறவிடுவது நல்லது. தாய் அங்சாவும் இரை தேட எழுந்து போய்த் திரும்பும். ஆறவைத்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளிக்கும் வழக்கம் உண்டு. எடை சரியாக இறங்கும் முட்டைக்கு அதனால் கெடுதல் இல்லை. எடை இறங்காத முட்டைக்குத் தெளிக்காதீர்கள்.

முட்டையைப் படுக்கை வாட்டில் வைத்து, ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து முறை புரட்டுங்கள். கோழி முட்டை அளவுக்குச் செய்த தானியங்கித் தட்டில் அங்சா முட்டை சரியாகப் புரளாது. கையால் புரட்டுவதே மேல். சூட்டைப் பெட்டியில் ஒளிரும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், தனி தெர்மோமீட்டர் ஒன்றை உள்ளே வையுங்கள். காற்றாடி உள்ள பெட்டிக்கு 37.5. சாயங்கால இடிமழையில் மின்சாரம் போனால் பதறிப்போய் மூடியைத் திறக்க வேண்டாம், மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடுங்கள். பெரிய முட்டை சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்சம் ஆறுவதால் சாகும் குஞ்சைவிட 40 டிகிரியில் வெந்து சாகும் குஞ்சுதான் அதிகம்.

முட்டை சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். அங்சா பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இடும். பத்து முட்டை சேரட்டும் என்று சமையலறை அலமாரியில் மூன்று வாரம் வைத்திருந்தால், நம் ஊர் அறை வெப்பத்தில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். இருக்கும் அறைகளில் குளிர்ச்சியான அறையில் வைத்து, ஒரு வாரத்துக்குள் பெட்டியில் வைத்துவிடுங்கள். அழுக்கு முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவாதீர்கள். உள்ளே இருப்பது சுருங்கி, அழுக்கை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும்.

28ஆம் நாள் வாக்கில் புரட்டுவதை நிறுத்துங்கள். தொட்டியில் தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரம் இதுதான், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் போகட்டும். அப்புறம் மூடியைத் தொடாதீர்கள். ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகும் அங்சாக் குஞ்சு வெளியே வர ஒரு நாள், ஒன்றரை நாள்கூட ஆகும். குஞ்சு தூங்கிக்கொண்டிருக்கவில்லை. ஓட்டின் உட்சவ்வில் ஓடும் இரத்தத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது, மிச்ச மஞ்சள் கருவைத் தொப்புள் வழியே வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டிருக்கிறது. பாவம் பார்த்து ஓட்டை உரித்தால் இரத்தம் பீறிடும், மஞ்சள் கரு வெளியே தொங்கும். அப்படிக் கொண்டுவரும் குஞ்சை என்னால் காப்பாற்ற முடிவதில்லை. தயவுசெய்து கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். ஒன்றரை நாள் தாண்டியும் விரிசல் வளரவில்லை என்றால் முதலில் போன் செய்யுங்கள்.

பொரித்த குஞ்சு உலரும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும், ஒரு நாள் தீனி இல்லாமல் தாங்கும். வழுக்கும் செய்தித்தாளில் விடாதீர்கள், கால் விரிந்துபோகும். பழைய துண்டு விரியுங்கள். முதல் வாரம் 32 டிகிரி போதும். மத்தியானத்தில் தகரக் கூரை வீடே அந்தச் சூட்டில் இருக்கும்போது பல்பு எதற்கு? குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே பல்பை அணையுங்கள். தண்ணீர் மூக்கை நனைக்கும் ஆழம் இருக்கட்டும், நீந்தும் அளவுக்கு வேண்டாம்.

தீனியில் சோறு மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீனியோடு, தீனிக் கடையில் கிடைக்கும் ஈஸ்ட் பொடியைச் சேர்த்துக் கொடுங்கள். கோழிக்குஞ்சைவிட இதற்கு நியாசின் என்ற பி வைட்டமின் அதிகம் வேண்டும். குறைந்தால் கால் மூட்டு வீங்கி, நடக்காமல் உட்கார்ந்துவிடும். அப்படி ஒரு குஞ்சைப் பார்த்தால் அன்றைக்கே கொண்டுவாருங்கள். ஆரம்பத்திலேயே வைட்டமின் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்து நடக்கும். ஒரு வாரம் கழித்து மடங்கிப்போன காலோடு கொண்டுவந்தால் என்னால் அதிகம் செய்ய முடியாது.