மொனிட்டரிங்: கண்காணிப்பா, மேற்பார்வையா?

கம்பியில்லா ஒலிவாங்கிகள் பயன்படும் மேடைகளில் இப்போது, ஒலிகளைக் கலந்து சீர்செய்யும் மிக்சருக்கு அருகே ஒரு மடிக்கணினியும் இடம்பிடித்திருக்கிறது. ஒலிவாங்கியிலிருந்து புறப்படும் வானலையைப் பெற்று மீண்டும் குரலாக்கித் தரும் ரிசீவர்கள், வலையமைப்புக் கம்பி வழியாக அந்தக் கணினியோடு இணைக்கப்படுகின்றன. ஷூர் நிறுவனத்தின் வயர்லெஸ் வொர்க்பெஞ்ச், சென்ஹைசரின் வயர்லெஸ் சிஸ்டம்ஸ் மேனேஜர் போன்ற மென்பொருள்கள், ஒவ்வொரு ரிசீவருக்கும் திரையில் ஓர் இடம் ஒதுக்கி, வந்துசேரும் அலையின் வலு, குரலின் அளவு, பற்றரியின் மிச்சம், பயன்படும் மீடிறன் ஆகியவற்றைக் கணத்துக்குக் கணம் காட்டுகின்றன. (தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதிர்வெண் என்பதையே நம் இலங்கைப் பாடநூல்கள் மீடிறன் என்கின்றன.) இந்த வேலைக்கு வழங்கும் ‘மொனிட்டரிங்’ என்ற சொல்லே இங்கு நம் விசாரணைக்கு உரியது.

மலையகத்தில் அட்டன் நகருக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒலியமைப்புக்கு உதவப் போயிருந்தேன். மிக்சரை விட்டு நகர முடியாத நிலையில், உதவிக்கு நின்ற இளைஞரிடம், “தம்பி, மொனிட்டரைக் கொஞ்சம் பாருங்க” என்றேன். அவர் நேரே மேடைக்கு ஓடி, பாடகரின் காலடியில் சாய்த்து வைத்திருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். மேடையில் வேலை செய்கிறவர்களுக்கு மொனிட்டர் என்றால் அந்தப் பெட்டிதான், அவர்மீது பிழையில்லை. நான் சொன்னது பக்கத்து மேசையில் இருந்த மடிக்கணினித் திரையை. அதில் அறிவிப்பாளரின் ஒலிவாங்கிக்குரிய பற்றரிக் குறி சிவந்து கிடந்தது. தம்பி திரும்பி வருவதற்குள், உபயகாரர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்த அறிவிப்பாளரின் குரல் பாதிப் பெயரில் அறுந்துவிட்டது. ஒரே சொல் இரண்டு பொருளுக்கு நின்றதால் வந்த வினை அது.

உண்மையில் இரண்டல்ல, கணினித் திரையும் மொனிட்டர்தான், நம் பாடசாலைகளில் வகுப்புத் தலைவரும் மொனிட்டர்தான். இவை எல்லாவற்றுக்கும் வேர், எச்சரித்தல், நினைவூட்டல், அறிவுறுத்தல் என்று பொருள்படும் ‘மொனேரே’ என்னும் இலத்தீன் வினைச்சொல். அதிலிருந்து பிறந்த மொனிட்டர், எச்சரிப்பவர் என்பதையே முதலில் குறித்தது. பார்த்துக்கொண்டிருத்தல் என்பது பின்னர் வந்து சேர்ந்த பொருள். எச்சரிப்பதற்குப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

தமிழில் மூன்று சொற்கள் போட்டிக்கு வருகின்றன. மேற்பார்வை என்பதில் மேலிருப்பவர் கீழிருப்பவரின் வேலையைப் பார்க்கும் அதிகாரம் தொனிப்பதால், பற்றரிக்கும் அலைக்கும் அது பொருந்தாது. அவதானிப்பு நம் நாட்டில் நன்கு வழங்கும் சொல்லே. ஆயினும் பார்த்ததைக் குறித்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. எஞ்சுவது கண்காணிப்பு. தேர்தல் கண்காணிப்பு என்று செய்தித்தாள்கள் எழுதிப் பழகிய இச்சொல்லை ஏற்பதில் மற்றப் பகுதியினருக்குத் தயக்கம் இருக்காது. மலையகத்தில் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது.

கண், காண் என்னும் இரண்டும் சேர்ந்து அமைந்த ‘கண்காணி’ பழைய சொல். எங்கும் நிறைந்து நின்று பார்க்கும் இறைவனையே திருமந்திரம் கண்காணி என்கிறது. அச்சொல் பேச்சில் ணகரம் ஙகரமாகத் திரிந்து ‘கங்காணி’ ஆனபோது நம் மலைகளில் வேறொரு பாரத்தைச் சுமந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. முற்பணம் கொடுத்து அவர்களைக் கடனில் பிணைத்தவரும் அவரே. தொழிலாளியின் கடன்தொகையை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் தோட்டம் மாற முடியாதிருந்த அந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற தலைமுறைகளின் பிள்ளைகளுக்குக் கண்காணிப்பு என்றதும் யாருடைய கண் நினைவுக்கு வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கங்காணி முறை நம் முன்னோரிடமிருந்து பறித்தவற்றோடு இந்த நல்ல தமிழ்ச் சொல்லையும் சேர்த்துக் கொடுத்துவிட எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும்: இலத்தீன் வேரிலிருந்த எச்சரிக்கை, கண்காணிப்பு என்ற சொல்லுக்குள் இல்லை. ஆகவே மென்பொருளின் விளக்கத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள், நிலையைக் காட்டும் பகுதியைக் கண்காணிப்பு என்றும், குறி சிவக்கும் பகுதியை எச்சரிப்பு என்றும் பிரித்தே எழுத வேண்டும்.

இந்தப் பிரிப்பு ஏன் தேவை என்பது களத்தில் தெரியும். பனி மூடினால் மைக் விட்டுவிடும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். மேடையிலிருந்து ரிசீவர் வரையுள்ள சிறு தூரத்தில் பனியால் அந்த அலைக்குக் குறிப்பிடத்தக்க தடை ஏதும் இல்லை. தடுப்பவை தகரக் கூரையும், குறுக்கே நிற்கும் மனித உடல்களுமே. 600 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர். தகரத்தில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் பேசுபவர் நின்றால், ஒரு சாண் நகர்வுகூடக் குரலை மீட்டுத் தரலாம். அதற்காகவே பல ரிசீவர்களில் இரண்டு அன்ரனாக்கள் உள்ளன. திரையில் அவ்விரண்டின் கோடுகளும் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பது கண்காணிப்பு. இரண்டும் ஒருசேர விழும்போது நம்மை உலுக்குவது எச்சரிப்பு.

ரிசீவரை அலைவாங்கி என்று எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. அன்ரனாவுக்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது. ஏற்பி என்றால் போதும். வலையமைப்பு வசதியில்லாத மலிவான ஏற்பிகளைக் கணினியால் கண்காணிக்க இயலாது. அவற்றின் முகப்பிலுள்ள விளக்குகளை ஆளே பார்த்திருக்க வேண்டும்.

மறுவருடத் திருவிழாவில் மடிக்கணினியின் ஓரத்தில் ‘கண்காணிப்புத் திரை’ என்றும், மேடைப் பெட்டியில் ‘பாடகர் பெட்டி’ என்றும் தாள் எழுதி ஒட்டினேன். அதே தம்பிதான் திரைக்கு முன் அமர்ந்திருந்தார். சுவாமி வீதிவலம் புறப்படும் வேளையில், நான் கேட்காமலே அவர் குரல் வந்தது: “அண்ணே, மூணாவது மைக்குக்குப் பற்றரி முடியப்போகுது, மாத்திருவோமா?”