சொல் விளக்கம்: கொலஸ்ட்ரால்

விலங்குகளின் உடலில் உண்டாகும், நீரில் கரையாத, மெழுகு போன்ற பொருள். பேச்சில் இதைக் 'கொழுப்பு' என்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

கிரேக்கத்தில் 'கோலே' என்றால் பித்தம், 'ஸ்டெரியோஸ்' என்றால் கெட்டியானது. பித்தப்பைக் கற்களில் கிடைத்த பொருள் என்பதால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலர் ஷெவ்ரல் 'கொலஸ்டெரின்' என்று பெயரிட்டார். ஆல்கஹால் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பின்னர் தெரிந்ததும் 'ஆல்' என்ற ஈறு ஒட்டிக்கொண்டது. பித்த அமிலம், வைட்டமின் டி, சில ஹார்மோன்கள், செல் சவ்வு எல்லாவற்றுக்கும் இது வேண்டும். ஆனால் உடல் இதை எரித்துச் சக்தி எடுப்பதில்லை.

எரிப்பது கொழுப்பை. 'கொழு' என்ற வினையடியில் பிறந்த சொல் அது. நெய்யும் இடுப்புச் சதையும் அதில் அடங்கும் (சொன்னபேச்சு கேளாதவனின் திமிரும்தான்). பரிசோதனைச் சீட்டில் அசல் கொழுப்பு, 'ட்ரைகிளிசரைடு' என்ற வரி. முந்தின இரவு கெடா விருந்தில் உட்கார்ந்துவிட்டு விடிந்ததும் ரத்தம் கொடுத்தால் எகிறுவது அதுதான். எல்டிஎல், எச்டிஎல் என்று வரும் வரிகள், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் இரண்டு வகைத் துகள்களைக் குறிப்பவை. பல ஆய்வுக்கூடங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கின்றன. ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தக் கணக்கு தப்பும். அப்படி வந்தால் 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து மறுபடி கொடுக்க வேண்டும்.

எல்டிஎல் 'கெட்ட கொழுப்பு', எச்டிஎல் 'நல்ல கொழுப்பு' என்பதும் பிழையான பெயர்களே. இரண்டும் லாரிகள் மாதிரி; ஏற்றியிருக்கும் கொலஸ்ட்ரால் ஒன்றுதான். எல்டிஎல் ரத்தத்தில் பெருகினால் தமனிச் சுவரில் சரக்கு இறங்கிப் படிகிறது. எச்டிஎல் மிச்சத்தைக் கல்லீரலுக்குத் திருப்பி எடுத்துப் போகிறது.

இனி முட்டை. 50 கிராம் முட்டையில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், முழுக்க மஞ்சள் கருவில். அமெரிக்க இதயச் சங்கம் 1968இல் நாளுக்கு 300 மில்லிகிராம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கரு என்று வரம்பு வைத்தது. அமெரிக்க அரசின் 2015ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி அந்த 300-ஐ எடுத்துவிட்டது; குறைத்து உண்ணச் சொன்னதை மட்டும் விடவில்லை. நாமக்கல்லுக்கு நல்ல சேதிதான். மாற்றத்துக்குக் காரணம் உண்டு: தேவையில் பெரும்பகுதியை உடலே செய்துகொள்கிறது, பெரும்பாலானவர்களுக்கு உணவில் கூடினால் உள்ளே உற்பத்தி குறையும். சர்க்கரை நோயாளிகளும், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்டிஎல்லை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு (நெய்யைப் போல எளிதில் உறையும் வகை). அது மிகுந்தால் கல்லீரல் ரத்தத்தில் இருந்து எல்டிஎல்லைப் பிடித்து இழுப்பது குறைகிறது. காங்கேயத்துத் தேங்காயெண்ணெயில் கொலஸ்ட்ரால் கிடையாது, ஆனால் ஒரு மேசைக்கரண்டியில் 11 முதல் 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கும். 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு சுமார் 22 கிராம். அரிசிம்பருப்புச் சோற்றில் தாராளமாக இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் அன்றைய கணக்கு முடிந்தது. கடலை எண்ணெயில் அதே கரண்டிக்கு இரண்டரை கிராம்கூட வராது. மரச்செக்கில் ஆட்டினாலும் இந்த விகிதம் மாறாது. எண்ணெய் டின்னில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சிடுவதை விற்பனைத் தந்திரம் என்றே சொல்ல வேண்டும். எந்தச் செடி எண்ணெயிலும் அது பொருட்படுத்தும் அளவுக்கு இருப்பதில்லை.

தமிழில் என்ன எழுதலாம்? 'பித்தத்திண்மம்' என்று வேர்ச்சொல்லைப் பெயர்த்தால் யாருக்கும் விளங்காது. 'கொலஸ்ட்ரால்' என்றே எழுதி, தட்டில் இருப்பதை 'உணவுக் கொலஸ்ட்ரால்' என்றும், சீட்டில் இருப்பதை 'ரத்தக் கொலஸ்ட்ரால்' என்றும் பிரித்துச் சொல்லலாம். 'ரத்தக் கொழுப்புகள்' என்ற பன்மையை ட்ரைகிளிசரைடும் சேர்ந்த முழுப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்.